தழும்பு விழுந்த நுரையீரல்: ஸ்கேனையும் ஆறு நிமிட நடையையும் சேர்த்துப் படிக்கும் முறை

இரண்டு பேருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரி பிசகாமல் ஒரே விஷயம் எழுதியிருக்கும். நுரையீரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் வலை பின்னியது போன்ற தழும்பு, ஓரத்தில் கொஞ்சம் 'தேன்கூடு', அதாவது தேனடை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். நடக்க வைத்துப் பார்த்தால் ஒருவர் ஆறு நிமிடத்தில் 430 மீட்டர் போய்விடுவார், ஆக்சிஜன் 94-இல் நிற்கும். இன்னொருவர் 210 மீட்டரில் சுவரைப் பிடித்துக்கொள்வார், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 81 காட்டும். நுரையீரல் செயல்பாட்டு ஆய்வகத்திலும் பிசியோதெரபி அறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கமிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குக் காட்ட வருகிறவர்கள் கையில் ஸ்கேன் கவர் கட்டாயம் இருக்கும். நடைச் சோதனைத் தாள் இருப்பது அபூர்வம். தழும்பு எங்கே, எந்த வகை, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் மறைந்திருக்கும் இன்னொரு கோளாறு பெரும்பாலும் சிக்குகிறது. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

முதலில் ஸ்கேன். ஐஎல்டி என்கிற நுரையீரல் திசுத் தழும்பு நோய்களுக்கு எடுக்க வேண்டியது ஹெச்ஆர்சிடி, அதாவது நுரையீரலை மெல்லிய துண்டுகளாகக் காட்டும் சிடி ஸ்கேன். ஒவ்வொரு துண்டுப் படமும் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது. இரத்தக்குழாய் தெளிவாகத் தெரியப் போடும் காண்ட்ராஸ்ட் ஊசி இதற்குத் தேவையில்லை. மல்லாந்து படுத்து, மூச்சை முழுசாக இழுத்துப் பிடித்த நிலையில் எடுப்பதுதான் அடிப்படை. அதோடு மூச்சை முழுசாக வெளியே விட்ட நிலையில் ஒரு வரிசையும், குப்புறப் படுக்க வைத்து ஒரு வரிசையும் எடுத்தால்தான் படம் முழுமை பெறும்.

குப்புற எடுப்பதற்குக் காரணம் உண்டு. மல்லாந்து படுக்கும்போது முதுகுப் பக்க அடி நுரையீரல் தன் எடையிலேயே அமுங்கி மங்கலாகத் தெரியும். அதை ஆரம்பகட்டத் தழும்பு என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. குப்புறப் படுத்ததும் அந்த மங்கல் மறைந்தால் அது வெறும் அமுக்கம், மறையாமல் நின்றால் தழும்பு. மூச்சை வெளியே விட்ட படம் காற்று எங்கே சிக்கி நிற்கிறது என்பதைக் காட்டும். ஒவ்வாமையால் வரும் வகையைப் பிடிக்க அது இல்லாமல் முடியாது.

அதிகம் கெட்டுப்போவது மூச்சுப் பிடிப்பில்தான். மூச்சு வாங்கும் ஆளை மேசையில் படுக்க வைத்து, பதிவு செய்த குரலில் "மூச்சை இழுங்க... பிடிங்க" என்று சொன்னால் பாதி மூச்சிலேயே நிறுத்திவிடுவார்கள், அல்லது இருமிவிடுவார்கள். முழுசாக விரியாத நுரையீரல் எங்கும் புகை படிந்தது போல வெளுத்துத் தெரியும். அதற்கு 'கிரவுண்ட் கிளாஸ்' என்று பெயர் விழுந்து, அதை அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு ஆரம்பிப்பதும் நடக்கிறது. உள்ளே போவதற்கு முன் வெளிப் பெஞ்சிலேயே நாலைந்து தடவை இழுத்துப் பிடித்து, விட்டுப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். பத்து வினாடி பிடிக்க முடிந்தால் போதும்.

ஸ்கேன் முடிந்ததும் ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். டைகாம் வடிவில் முழுத் தரவையும் சிடியிலோ பென்டிரைவிலோ அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து நோய் கூடியிருக்கிறதா என்று பார்க்க, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே மட்டத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பழைய ரிப்போர்ட்டின் வார்த்தைகளை வைத்து அதைச் செய்ய முடியாது.

ரிப்போர்ட்டில் 'ஐஎல்டி மாற்றங்கள் தெரிகின்றன' என்று மட்டும் எழுதியிருந்தால் அது அரைகுறை ரிப்போர்ட். மேலேயா கீழேயா, ஓரத்திலா நடுவிலா, தேன்கூடு உண்டா, தழும்பு இழுத்து மூச்சுக்குழல்கள் விரிந்திருக்கின்றனவா, திட்டுத் திட்டாக வெளுப்பும் கறுப்பும் கலந்திருக்கிறதா, மேல்பகுதியில் எம்ஃபிசீமா ஓட்டைகள் (காற்றறைகள் சிதைந்து விழுந்தவை) உண்டா, நுரையீரல் தமனி தடித்திருக்கிறதா, உணவுக்குழாய் விரிந்திருக்கிறதா, இவ்வளவுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். உணவுக்குழாய் என்றதும் ஆச்சரியப்பட வேண்டாம். அது விரிந்து காற்றோடு தெரிந்தால் தோல் இறுகிப்போகும் ஸ்கிளிரோடெர்மா நோயாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம்.

தழும்பு தெரியும் வடிவங்களுக்கு ரிப்போர்ட்டில் சுருக்கப் பெயர்கள் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படுவது யுஐபி. அடிப்பகுதியில், நுரையீரல் உறையை ஒட்டிய ஓரத்தில், தேன்கூடும் இழுபட்டு விரிந்த குழல்களும் இருக்கும். தேன்கூடு இல்லாமல் மற்றவை மட்டும் இருந்தால் 'அநேகமாக யுஐபி' என்று எழுதுவார்கள். காரணம் தெரியாத ஐபிஎஃப் நோயின் முகம் இதுதான், ஆனால் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்திலும் இதே முகம் வரும். இரண்டாவது என்எஸ்ஐபி. இதில் கிரவுண்ட் கிளாஸ் தூக்கலாக, இரு பக்கமும் சமமாக இருக்கும், உறையை ஒட்டிய மெல்லிய பட்டை மட்டும் தப்பித்து நிற்கும். ஸ்கிளிரோடெர்மா, தசை அழற்சி போன்ற இணைப்புத்திசு நோய்களில் இதை அதிகம் பார்க்கலாம். மருந்துக்குக் கொஞ்சம் இணங்கும் வகை.

மூன்றாவது வகைக்குத்தான் நம் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ், சுருக்கமாக ஹெச்பி. பறவை எச்சம், இறகுத்தூள், பூஞ்சை போன்றவற்றைத் தொடர்ந்து சுவாசிப்பதால் வருவது. ஸ்கேனில் வெளுத்த இடம், சாதாரண இடம், காற்று சிக்கிக் கறுத்த இடம் என மூன்று சாயலும் அருகருகே தெரியும். 2017-இல் வெளியான இந்திய ஐஎல்டி பதிவேட்டில் இருந்த 1,084 பேரில் 47 சதவீதத்தினருக்கு ஹெச்பிதான். ஐபிஎஃப் சுமார் 14 சதவீதம். மேலை நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு எல்லாத் தழும்பையும் ஐபிஎஃப் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அந்தப் பதிவேட்டில் ஏர் கூலர் பெரிய காரணமாக வந்தது. புதுச்சேரிக் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே கூலர் அவ்வளவாக எடுபடாது. உள்ளே தள்ளி நெய்வேலி, விருத்தாசலம் போனால் வீட்டுக்கு வீடு உண்டு, தொட்டித் தண்ணீர் வாரக்கணக்கில் மாறாது. கடலோர வீடுகளில் வேறு சிக்கல்: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை கறுப்பாகப் படியும். மாடியில் புறாக் கூண்டு, பால்கனியில் லவ் பேர்ட்ஸ், ஏசி வெளிப்பெட்டியின் பின்னால் கூடு கட்டிய புறா, பூஞ்சை பிடித்த கரும்புச் சக்கை, பழைய வைக்கோல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "வீட்டில் பறவை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "மாடியில் புறா வந்து உட்காருமா? எச்சத்தை யார் கூட்டுவாங்க?" என்று கேட்டால் வேறு பதில் வரும். காரணத்தைக் கண்டுபிடித்து விலக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஹெச்பி அடங்காது.

கல் வேலை, மண் வேலை செய்தவர்களிடம் சிலிக்கா தூசியைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகள், வானூர், திருவக்கரை பக்கத்துக் குவாரிகள், கிரஷர்கள். அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் மேல்பகுதியில் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் தெரியும். மேல்பகுதி என்பதால் காசநோய் என்று எண்ணி ஆறு மாத மாத்திரை கொடுத்துவிடுவதும், சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு உண்மையிலேயே காசநோய் எளிதில் தொற்றுவதும் இரண்டுமே நடக்கும். சளிப் பரிசோதனை இல்லாமல் எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது.

இனி, நடந்தால் ஏன் ஆக்சிஜன் இறங்குகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரத்தச் சிவப்பணு ஒன்று நுரையீரல் நுண்குழலைக் கடக்க முக்கால் வினாடி எடுத்துக்கொள்ளும். நல்ல நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளக் கால் வினாடி போதும், மீதி நேரம் கையிருப்பு. தழும்பில் சுவர் தடித்துவிட்டால் ஏற்றுவதற்கு அதிக நேரம் பிடிக்கும். நடக்கும்போது இதயம் வேகமாக அடித்து, அதே சிவப்பணு கால் வினாடியிலேயே ஓடிவிடுகிறது. கூட்டம் ஏறி முடிப்பதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டால் பாதிப் பேர் நிறுத்தத்திலேயே நிற்க வேண்டியதுதான், அந்தக் கதை. உட்கார்ந்த நிலையில் 97 காட்டுகிற ஆள் மாடிப்படி ஏறினதும் 84-க்கு வருவது இதனால்தான். ஓபியில் நாற்காலியில் உட்கார வைத்து விரலில் மாட்டி "97 இருக்கு, ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டால் நோயின் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

நடைச் சோதனைக்குத் தேவை 30 மீட்டர் நேரான, சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத வராந்தா. மூன்று மீட்டருக்கு ஒரு குறி, இரண்டு முனையிலும் கூம்பு, வழியில் உட்கார நாற்காலி, கைக்கு எட்டும் தூரத்தில் ஆக்சிஜன். 15 மீட்டர் வராந்தாவில் செய்தால் திரும்பும் தடவை இரட்டிப்பாகி, தூரம் குறைந்துவிடும். அதனால் ஒரு இடத்தில் 30 மீட்டரிலும் அடுத்த முறை வேறு இடத்தில் 15 மீட்டரிலும் நடந்துவிட்டு ஒப்பிடக் கூடாது. டிரெட்மில் நடையும் இதற்குச் சமம் ஆகாது. முந்தைய ஒரு மாதத்துக்குள் மாரடைப்போ அடங்காத நெஞ்சுவலியோ வந்தவரை நடக்க வைக்கவே கூடாது.

நடப்பதற்கு முன் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். கோரிமேடு பஸ் நிறுத்தத்தில் இறங்கி வேகவேகமாக வந்தவரை அப்படியே நடக்க விட்டால், வந்த களைப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு, லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். செருப்போ ஷூவோ, ஒவ்வொரு தடவையும் ஒரே வகையாக இருக்கட்டும். புடவைக் கொசுவம் காலைத் தடுக்குமா, வேட்டியை மடித்துக் கட்டினால் வசதியா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் 20, 30 மீட்டர் வித்தியாசம் இதில் வந்துவிடும்.

சொல்லும் வார்த்தையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "அம்மா, ஆறு நிமிஷத்துல உங்களால எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்கணும். ஓட வேண்டாம். மூச்சு வாங்கினா நிக்கலாம், உட்காரலாம், முடிஞ்சதும் திரும்ப நடங்க. கடிகாரம் மட்டும் நிக்காது." பிறகு ஒவ்வொரு நிமிடமும், "நல்லா நடக்கிறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்கிற மாதிரி ஒரே குரலில். இதற்கு மேல் பேச்சு கூடாது. கூடவே வரும் மகனோ மகளோ பக்கத்தில் நடந்துகொண்டு "மெதுவா போம்மா, மெதுவா போம்மா" என்று சொல்வதுதான் இந்தச் சோதனையைக் கெடுக்கும் முதல் காரணம். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அம்மா மெதுவாகப் போய்விடுவார், ஆக்சிஜன் இறங்காது, ரிப்போர்ட் நன்றாக வரும், நோய் ஒளிந்துகொள்ளும். உறவினரை முனையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். நடத்துகிறவரும் முன்னால் போகக் கூடாது. மீட்டரைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு அடி பின்னால்தான்.

மீட்டரை ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை என்று பார்ப்பது போதாது. நடை முழுக்க மாட்டியிருக்க வேண்டும், எந்த நிமிடத்தில் மிகவும் கீழே போனதோ அந்த எண்தான் முக்கியம். விரல் மீட்டர் உடம்பில் நடப்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் காட்டும். அதனால் நின்ற பிறகும் ஒரு நிமிடம் கழற்றாமல் பாருங்கள், நின்றபின் இன்னும் இரண்டு எண் இறங்குவது சாதாரணம். 80-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். 85-க்கு மேல் ஏறினால் அந்த ஆறு நிமிடத்துக்குள்ளேயே மறுபடி நடக்கலாம்.

ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களின் விரல் குளிர்ந்து வெளுத்து, சில சமயம் நீலம் பாரித்து இருக்கும். ஏசி அறையிலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த விரலில் மீட்டர் மாட்டினால் அலைக்கோடு சீராக எழும்பாமல் தத்தளிக்கும், எண் 78, 91, 83 என்று தாவும். அந்த எண்ணை நம்பி யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். நெற்றியில் ஒட்டும் சென்சாரோ காதுமடலுக்கென்றே செய்த சென்சாரோ வேண்டும். விரல் கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டினால் சரியான எண் வராது. நகப்பூச்சைத் துடைத்துவிடுங்கள். கறுத்த தோலில் மீட்டர் உண்மையைவிட ஓரிரு எண் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால், எல்லைக்கோட்டில் இருக்கும் ஆளுக்கு இரத்த வாயுப் பரிசோதனை எடுக்கத் தயங்க மாட்டோம்.

முதல் தடவை நடப்பவர்களுக்குப் பழக்கம் இல்லாததால் தூரம் குறையும். அரை மணி ஓய்வுக்குப் பிறகு இரண்டாவது தடவை நடக்க வைத்தால் சராசரியாக 25 மீட்டர் கூடுகிறது. அதில் நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்ட நெரிசலில் பல இடங்களில் ஒரு தடவையோடு முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்துவிட்டு, மூன்று மாதம் கழித்து 25 மீட்டர் கூடியதை மருந்தின் பலன் என்று எழுதினால் அது ஏமாற்றம்தான். ஆக்சிஜனோடு நடந்தால் எத்தனை லிட்டர், சிலிண்டரைத் தள்ளியது யார் என்பதும் தாளில் வர வேண்டும். தானே இழுத்துக்கொண்டு நடந்தவரின் தூரம் வேறு.

இப்போது ஸ்கேனையும் நடைத் தாளையும் பக்கத்தில் வையுங்கள். ஸ்கேனில் தழும்பு பரவலாக இருக்கிறது, ஊதும் சோதனையில் எஃப்விசி (முழுசாக இழுத்து ஒரே மூச்சில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) குறைந்திருக்கிறது, நடையில் ஆக்சிஜன் இறங்குகிறது என்றால் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன. இனி கவலை வேகத்தைப் பற்றித்தான்.

ஸ்கேனில் தழும்பு கொஞ்சம்தான், எஃப்விசியும் 85 சதவீதம், ஆனால் நூறு மீட்டர் நடப்பதற்குள் ஆக்சிஜன் 82 என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முதல் சந்தேகம் மேலே எம்ஃபிசீமாவும் கீழே தழும்பும் சேர்ந்த வகை. பல வருடம் பீடி, சிகரெட் பிடித்த ஆண்களிடம் அதிகம். எம்ஃபிசீமா நுரையீரலை விரிக்கும், தழும்பு சுருக்கும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி எஃப்விசி நல்லபடியாகத் தெரியும். டிஎல்சிஓ என்கிற வாயுப் பரிமாற்றச் சோதனை செய்தால் 35 சதவீதம் என்று உண்மை வெளியே வரும். இரண்டாவது சந்தேகம் நுரையீரல் தமனியில் அழுத்தம். ஸ்கேனில் முக்கியத் தமனி பக்கத்திலிருக்கும் மகாதமனியைவிடத் தடித்துத் தெரிந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். தழும்பு நோயில் அழுத்தம் இல்லாமலும் தமனி விரியலாம் என்பதால் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. நடை முடிந்து ஒரு நிமிடத்தில் நாடித்துடிப்பு 13-க்கு மேல் குறையாமல் அப்படியே நின்றால் அதுவும் நல்ல அறிகுறி அல்ல. மூன்றாவது, நுரையீரலில் இரத்தக்கட்டி. அதைப் பார்க்க ஹெச்ஆர்சிடி போதாது, காண்ட்ராஸ்ட் போட்ட வேறு ஸ்கேன் வேண்டும்.

நேர்மாறாகவும் வரும். ஸ்கேன் மோசம், ஆக்சிஜன் 92-க்குக் கீழே இறங்கவில்லை, ஆனாலும் 240 மீட்டருக்கு மேல் கால் நகரவில்லை. இவர்களை நிறுத்தியது நுரையீரலா என்று கேட்க வேண்டும். "மூச்சு முட்டி நின்னீங்களா, கால் வலிச்சு நின்னீங்களா?" இந்த ஒரு கேள்வியை நடை முடிந்த கையோடு கேட்டுத் தாளில் எழுதிவிடுங்கள். முழங்கால் தேய்மானம், இரத்தசோகை, மாதக்கணக்கில் சாப்பிட்ட பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டால் வந்த தொடைத் தசைத் தளர்ச்சி, மூச்சு வாங்குமே என்ற பயத்தில் ஒரு வருடமாக வாசலைத் தாண்டாத பழக்கம், எதுவாகவும் இருக்கலாம். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை என்றால் தொடைத் தசையைப் பாருங்கள். இரத்தசோகை தந்திரமானது: மீட்டர் 96 காட்டும், ஆனால் ஹீமோகுளோபின் 8 என்றால் சுமந்து போகும் ஆக்சிஜன் மொத்தமே குறைவு. நுரையீரலைத் திருப்ப முடியாவிட்டாலும் இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். இந்தக் குழுவில் உள்ளவர்களை "ஸ்கேன் இப்படி இருக்கே, வேற என்ன செய்ய" என்று கைவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

எண்களில் சிலதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நடை தூரத்தில் 30 மீட்டர் அளவுக்கு மாறினால்தான் அது உண்மையான மாற்றம், பத்துப் பதினைந்து மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அன்றைய நாளின் விளைவு. ஐபிஎஃப் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் 250 மீட்டருக்குக் கீழே நடப்பதும், ஆறு மாதத்தில் 50 மீட்டருக்கு மேல் குறைவதும், நடையில் 88 அல்லது அதற்குக் கீழே இறங்குவதும் ஆபத்தின் அடையாளங்களாக வந்திருக்கின்றன. நின்டெடனிப், பிர்ஃபெனிடோன் மாத்திரைகள் தழும்பு கூடுவதை மெதுவாக்கும், இருக்கும் தழும்பைக் கரைக்காது. அதனால் ஒரு வருடம் கழித்து தூரம் அப்படியே இருந்தால் "மாத்திரை வேலை செய்யலையே" என்று நிறுத்திவிடாதீர்கள், அப்படியே இருப்பதுதான் அதன் வேலை. பிர்ஃபெனிடோன் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் ஆகாது, தோல் எரிந்து சிவந்துவிடும். முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன் இல்லாமல் நம் ஊர் வெயிலில் தலைகாட்ட வேண்டாம்.

தூரத்தைக் கூட்டுவது பயிற்சிதான். வாரம் இரண்டு மூன்று தடவையாக எட்டு வாரம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி செய்தவர்களுக்கு, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரியாக 40 மீட்டர் கூடியிருக்கிறது. நுரையீரல் மாறுவதில்லை, தசையும் இதயமும் தேறுகின்றன. பயிற்சி வேகத்தை நடைத் தாளிலிருந்தே கணக்கிடலாம். ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 சதவீதம் 40 மீட்டர். ஆக, பத்து நிமிடத்தில் 400 மீட்டர் நடக்கும் வேகத்தில் ஆரம்பிக்கலாம். ஆக்சிஜன் 88-க்குக் கீழே போகாமல், மூச்சிரைப்பு பத்துக்கு மூன்று அல்லது நான்கு என்ற அளவில் இருக்க வேண்டும். தொடர்ந்து முடியாவிட்டால் இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நிற்பது என்று துண்டு துண்டாகச் செய்து 20 முதல் 30 நிமிடம் ஆக்கலாம்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை இதற்கு வாட்டமான இடம். தரை சமமாக இருக்கும், உட்காரத் திட்டு உண்டு, மாலையிலிருந்து காலை வரை வண்டி விடுவதில்லை. கடலூரில் சில்வர் பீச் மணலில் நடக்க வேண்டாம், மணல் இரண்டு மடங்கு இழுத்துவிடும், தார்ச்சாலைப் பக்கம் நடங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள் கை இல்லாத நாற்காலியில் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து எழ முடிகிறது, அப்போது ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வைக்கலாம். ஆறு நிமிட நடைக்கு அது மாற்று ஆகாது, இடையில் பார்த்துக்கொள்ள உதவும். மூன்று பந்துக் கருவியை மட்டும் இழுத்துக்கொண்டிருப்பது, பலூன் ஊதுவது இரண்டும் தழும்பை விரிக்காது. கபாலபாதி, மூச்சை அடக்கும் பயிற்சிகள் ஆக்சிஜன் இறங்குகிறவர்களுக்கு வேண்டாம். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சு முட்டினாலும், உட்கார்ந்த நிலையில் வழக்கத்தைவிட நான்கைந்து எண் குறைந்து அப்படியே நின்றாலும் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, நேரே அவசரப் பிரிவுதான்.

நடையில் இறங்குகிறவர்களுக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வேண்டும் என்பதை நடக்க வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உட்கார்ந்தால் ஒரு லிட்டர் போதும் என்கிற ஆளுக்கு நடக்கும்போது நான்கு தேவைப்படலாம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கருவிதான் கான்சென்ட்ரேட்டர். தோளில் மாட்டும் சிறிய கான்சென்ட்ரேட்டர்கள் பல, மூச்சு இழுக்கும் நொடியில் மட்டும் விடுபவை. அதில் '3' என்று இருப்பது நிமிடத்துக்கு மூன்று லிட்டர் அல்ல. வாங்குவதற்கு முன் அதை மாட்டிக்கொண்டு நடந்து, எண் தாங்குகிறதா என்று பாருங்கள். பூஜை அறைக் குத்துவிளக்கு, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு இவற்றுக்குப் பக்கத்தில் மூக்குக் குழாயோடு போகவே கூடாது.

மின்சாரத்தை மட்டும் நம்புவதும் கடலோரத்தில் ஆகாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது தண்ணீர் சூழ்ந்து சிலிண்டர் வண்டியே தெருவுக்குள் வர முடியாத நிலை. ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் 300 முதல் 350 வாட் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் மூன்று மணி நேரம் ஓடினாலே பெரிது. பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம், நான்கு லிட்டர் என்றால் ஆறு. ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு சிலிண்டர் நிரப்பி, விழாதபடி சுவரோடு சங்கிலியில் கட்டி, ரெகுலேட்டரை ஒரு தடவை மாட்டித் திறந்து பார்த்து, அதன் சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிற்றில் கட்டிவிடுங்கள். இருட்டில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.